மழையில் மட்டும் மக்கர் செய்யும் கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வெயில் நாளில் பூப்போல ஓடுகிற வண்டி, நாலு தூறல் விழுந்ததும் இருமத் தொடங்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் மழை விட்டு, இன்ஜின் சூட்டில் எல்லாம் காய்ந்து, வண்டி சாதுவாகிவிடும். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்பார். அவர்மேல் தப்பில்லை. அடுத்த மழையில் மறுபடியும் அதே கூத்து.

இப்படி ஒரு வண்டியை இரண்டு மழைக்காலம் வைத்துக்கொண்டு அல்லாடியவன் நான். பெட்ரோல் பம்பை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், பேட்டரியைக்கூட மாற்றினேன். கடைசியில் குற்றவாளி, ஒரு காயிலின் (பெட்ரோலைப் பற்றவைக்க உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) ரப்பர் உறையில் நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற ஒரு கீறல். கண்டுபிடித்துக் கொடுத்தது, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில்.

மழை பெரும்பாலும் புதிதாக எதையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பாதி கெட்டுப்போன பாகத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஈரம் போனால் சாட்சியும் போய்விடும். அதனால் காரணம் தெரியும்வரை பானெட்டைத் திறந்து துணியால் துடைக்காதீர்கள், காற்று அடிக்காதீர்கள், ஈரம் போக்கும் ஸ்பிரே எதையும் பீய்ச்சாதீர்கள். நடுரோட்டில் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

எந்தத் தண்ணீர், எந்த வழியாக?

"மழையில் மக்கர் பண்ணுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் பிடிக்க முடியாது. இரவெல்லாம் நின்ற வண்டிமேல் படியும் பனி ஈரம் ஒரு ரகம். நிற்கும் வண்டிமேல் கொட்டும் மழை இன்னொரு ரகம். ஓடும்போது சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் மூன்றாவது.

பனி ஈரம் எல்லா இடத்திலும் மெல்லிய படலமாக உட்காரும். அதில் முதலில் அடிபடுவது உயர் மின்னழுத்தம் ஓடும் பாகங்கள்: பிளக் ஒயர் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போவது), காயில், பழைய வண்டியென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்). மேலிருந்து கொட்டும் மழையோ, முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள தட்டில் சேர்ந்து ஓரத்து ஓட்டை வழியாக வடிய வேண்டும். அந்த ஓட்டையில் இலை அடைத்திருந்தால் தட்டு நிரம்பி, இன்ஜினின் பின்பக்கத்திலோ ஃபியூஸ் பெட்டியிலோ காருக்குள் கால்வைக்கும் இடத்திலோ சொட்டும். சக்கரம் அடிக்கும் தண்ணீர் கீழே இருக்கும் பெல்ட், கிராங்க் சென்சார், ஆக்சிஜன் சென்சார், அவற்றின் கப்ளர்கள் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகிகள்) ஆகியவற்றைத் தேடிப் போகும்.

ஆகவே கோளாறு வரும்போதெல்லாம் கைபேசியில் ஒரு வரி எழுதி வையுங்கள். இன்ஜின் சூடா குளிரா, வண்டி நின்றதா ஓடியதா, குட்டையில் இறங்கிய பிறகா, எத்தனை நிமிடத்தில் சரியானது, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எரிபொருள் கடைசியாக எப்போது நிரப்பினீர்கள். நாலைந்து குறிப்பு சேர்ந்ததும் பாதிக் கதை தானே தெரிந்துவிடும்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் சாவியை ஆன் நிலையில் வைத்து, செல்ஃப் அடிக்காமல் காதைக் கூர்மையாக்குங்கள். பின் சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பெட்ரோல் பம்ப் ஓடுகிறது. சில வண்டிகளில் செல்ஃப் அடித்தால்தான் பம்ப் ஓடும், ஆகவே சத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துப் பம்பை மாற்றிவிடாதீர்கள். (நான் மாற்றினேன்.)

அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் முள் லேசாகத் துடிக்கும். அது செத்த மாதிரி பூஜ்யத்திலேயே கிடந்தால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கையடக்க ஸ்கேனரை மாட்டி அதில் காட்டும் ஆர்பிஎம்மையும் பாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை. இன்ஜின் சுற்றுகிறது என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது பெட்ரோலும் விடாது, தீப்பொறியும் விடாது. பி0335 என்ற எரர் கோட் வந்தால் சந்தேகம் உறுதி. சென்சாரை மாற்றும் முன் அதன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ, ஒயர் நுழையும் ரப்பர் வளையம் நழுவியிருந்தாலோ, கோளாறு அங்கேயே இருக்கலாம்.

ஆர்பிஎம் தெரிகிறது, ஆனால் சைலன்சர் பக்கம் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். இந்த நிலையில் விடாமல் செல்ஃப் அடிப்பது பேட்டரியைக் கொல்வதோடு பிளக்கை இன்னும் நனைக்கும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலானவற்றில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். ஐந்து நொடி அப்படிச் சுற்றவிட்டால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டி என்றால் நேராக அதன் மூடியைத் திறங்கள். உள்பக்கம் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி இருந்தால் காரணம் கையில். துடைப்பதற்கு முன் டார்ச் அடித்து, பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். மின்சாரம் திரும்பத் திரும்ப அந்த வழியே கசிந்து கரியாக்கிய தடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் எத்தனை துடைத்தாலும் பயனில்லை. மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 1959-ல் வந்த மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது. மழையில் ஓட்டினால் நேராக அதன்மேல் தண்ணீர் அடிக்கும். அதன் சொந்தக்காரர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டி, ஒவ்வொரு விரல் நுனியையும் வெட்டி ஒவ்வொரு பிளக் ஒயரையும் வெளியே எடுத்து ஓட்டினார்கள். பார்க்க வேடிக்கைதான், ஆனால் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட வைத்தியம்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆடுகிறது. கால் மணி நேரத்தில் தானே சரியாகிறது

மழைக் கோளாறுகளில் பெட்ரோல் வண்டிக்கு அதிகம் வருவது இதுதான். ஒரு சிலிண்டர் (எரிபொருள் எரியும் அறை) எரியாமல் விடுகிறது. நம் வழக்கில் "மிஸ்ஸிங்". ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் நிற்கும்போது) வண்டி குலுங்கும், சைலன்சர் சத்தம் சீராக இல்லாமல் இடையிடையே 'புஃப்' என்று தடுக்கும். இன்ஜின் சூடு ஏறியதும் ஈரம் காய்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு காயில் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை உண்டாக்குகிறது. பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் அது அழுத்தப்பட்ட காற்றுக்குள் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏறப் பொறி தாவுவது கடினமாகும். வெளியே சாதாரணக் காற்றிலோ ஒரு மில்லிமீட்டர் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். மின்சாரத்துக்கு எது சுலபமோ அதுதான் வழி. ஒயரின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்து, அதன்மேல் ஈரமும் அழுக்கும் படிந்திருந்தால், சிலிண்டருக்குள் போய்ச் சிரமப்படுவதைவிட அந்த வெடிப்பு வழியாக இன்ஜின் உலோகத்துக்குத் தாவுவதே அதற்குச் சுலபம். காய்ந்திருக்கும்போது வெடிப்பு இருந்தும் தாவ வழியில்லை, ஆகவே வண்டி ஓடுகிறது.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் உள்ளே தாவத் தேவையான வோல்ட் கூடும். அதாவது, தேய்ந்த பிளக்கே மின்சாரத்தை வெளியே தள்ளிவிடுகிறது. புதுக் காயில் போட்டும் ஆறு மாதத்தில் மறுபடி போகிறது என்றால் பழைய பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

சரி, சோதனை. இரவில் அல்லது இருட்டான கொட்டகையில், கதவைத் திறந்து வைத்து (புகை உள்ளே தங்கக் கூடாது), வண்டியை ஐடிலிங்கில் விட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். எல்லா விளக்கையும் அணைத்துக் கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். ஒயர் மோசமாக இருந்தால் ஊதா நிறத்தில் மினுக்மினுக் என்று தெரியும், 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்பிரே பாட்டிலில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, பனி மாதிரி மெல்லிய சாரலாக, ஒவ்வொரு இடமாக அடியுங்கள். முதலில் ஒரு ஒயர். அரை நிமிடம் பொறுங்கள். அடுத்து இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நனைத்துவிட்டால் எது காரணம் என்று தெரியாது. மறுபடி காய வைத்துத் தொடங்க வேண்டியதுதான். சாரல் பட்டதும் எந்த இடத்தில் இன்ஜின் தடுமாறுகிறதோ அந்த இடம்தான். ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மேலும் ஃபியூஸ் பெட்டி மேலும் அடிக்காதீர்கள். ஓடும் இன்ஜினில் ஒயரையோ காயிலையோ கையால் தொடாதீர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைப் பக்கமே வர வேண்டாம். தொங்கும் துணி, ஃபேன், பெல்ட் இவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒயரின் ஓம் அளந்து பார்த்து "நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஓம் அளவு ஒயரின் உள்நரம்பு அறுந்திருக்கிறதா என்று சொல்லும். மேல்தோல் கசிகிறதா என்பதைச் சொல்லாது. நாலில் ஒன்று மட்டும் நீளத்துக்குப் பொருந்தாமல் வெகுவாக எகிறினால் அதைத் தூக்கிப் போடலாம். நாலும் சரியாக இருந்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. மழையில் வரும் கோளாறு தோலில்தான் அதிகம்.

இப்போதைய வண்டிகளில் பிளக் ஒயரே இருக்காது. ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அங்கே இருட்டில் பார்ப்பதால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் கசிவு நடப்பது குழிக்குள். ஸ்கேனரில் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒன்றில் நில்லாமல் மாறி மாறி விடுகிறது. ஒரே சிலிண்டர் காட்டினால் இன்ஜினை நிறுத்திவிட்டு, அந்தக் காயிலை மட்டும் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். அடுத்த ஈரத்தில் எரர் கோடும் கூடவே இடம் மாறினால் காயில் போச்சு. மாறாமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அதன் கப்ளர் என்று வரிசையாகப் போங்கள். ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். இறங்க இடமில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையும் கம்ப்யூட்டரையும் பழுதாக்கலாம்.

என் வண்டியில் நடந்தது இதுதான். பி0303 வந்தது, போனது, வந்தது. காயிலை உருவியபோது அதன் அடியில் இருக்கும், முதலில் சொன்ன அந்தக் கீறல் விழுந்த நீண்ட ரப்பர் குழாயின் உள்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலோ, மேலிருந்து கீழாக முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பிளக் குழியின் அடியில் ஒரு டீஸ்பூன் தண்ணீர். அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தால், கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டின் வடிகாலில் சருகு அடைத்து, நிரம்பிய தண்ணீர் சரியாக மூன்றாவது காயில்மேல் சொட்டியிருக்கிறது. காயிலையும் பிளக்கையும் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த வருடம் அதே வேலை.

குழியில் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் பிளக்கைக் கழற்றும் முன் வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளக் வெளியே வந்த நொடியில் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். எண்ணெய் என்றால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது, அதையும் சரிசெய்தாக வேண்டும். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி வெடித்துவிடும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு போகலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயில் மாற்றுவதைவிட அது பல மடங்கு பெரிய செலவு.

சமதளத்தில் ஓடுகிறது, மேட்டில் வெட்டி வெட்டி இழுக்கிறது

மேலே சொன்ன அதே கோளாறின் தொடக்க நிலை இது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டரில் அழுத்தம் கூடும், அதிக வோல்ட் தேவைப்படும், கசியும் இடத்தில் கசியும். அதே சோதனைதான். ஐடிலிங்கில் பிடிபடாவிட்டால் ஒருவர் பிரேக்கை அழுத்தி லேசாக ஆர்பிஎம் ஏற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று சாரல் அடித்துப் பார்க்கலாம். வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

மழையில் பிக்கப் லேசாகக் குறைந்த மாதிரி இருக்கிறது, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் விட்டுவிடலாம். 30 டிகிரி வெப்பத்தில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அதில் ஏறத்தாழ 4 விழுக்காடு நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. ஆனால் இழுவை பாதியாகிவிட்டது என்றால் ஏர் ஃபில்டரைத் திறங்கள். நனைந்து அட்டை மாதிரி ஒட்டிப்போன ஃபில்டர் மூச்சை அடைக்கும். தண்ணீர் உள்ளே எப்படி வந்தது என்றும் தேடுங்கள். பல வண்டிகளில் காற்று உறிஞ்சும் குழாயின் வாய் சக்கர வளைவுக்குள் இருக்கும், அதை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு உடைந்திருப்பது சகஜம்.

வழுக்கும் ரோட்டில் கிளம்பும்போது மட்டும் இழுவை வெட்டுகிறது, டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு மின்னுகிறது என்றால் இன்ஜினில் ஒன்றுமில்லை. சக்கரம் வழுக்குவதைப் பார்த்து டிராக்ஷன் கன்ட்ரோல் வேண்டுமென்றே இழுவையைக் குறைக்கிறது. டயரைப் பாருங்கள்.

குட்டையில் இறங்கினேன், உதறியது அல்லது அணைந்தது

இதில் இரண்டு வகை. அவற்றைக் குழப்பிக்கொண்டால் இன்ஜினே போய்விடும்.

தண்ணீர் கணுக்கால் அளவுதான், 'பளார்' என்று அடித்தது, இன்ஜின் உதறி அணைந்தது, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இது மின்சாரக் கோளாறு. கிராங்க் சென்சார் கப்ளர், கீழ்ப்பக்கக் காயில், ஆக்சிஜன் சென்சார் ஒயர் இவற்றைப் பாருங்கள். எலி கடித்த ஒயரும் இங்கே அடிக்கடி தட்டுப்படும். மழைக்காலத்தில் வெதுவெதுப்பான இன்ஜின் அறை எலிக்கு நல்ல இடம்.

தண்ணீர் பம்பரைத் தொட்டது, முன்னால் அலை எழும்பியது, இன்ஜின் ஒரே அடியில் நின்றது என்றால், சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டினால் அடுத்து வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. தானாக நின்றபோது ஒருவேளை தப்பித்திருக்கலாம். நீங்கள் செல்ஃப் அடிப்பதுதான் மிச்சத்தையும் வளைக்கும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜின் பக்கக் குழாயில் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நிம்மதி. நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் கிராங்க் போல்ட்டைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டீசல் என்றால் இன்ஜெக்டரோ குளோ பிளக்கோ கழற்ற வேண்டியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதைச் செய்யவே வேண்டாம், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதே மேல். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஆயில் மாற்றாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது.

விளக்கு மங்குகிறது, ஐடிலிங் இறங்குகிறது, 'கீச்' என்று கத்துகிறது

இதைப் பலர் ஈரக் கோளாறு என்று நினைத்துப் பிளக்கை மாற்றுவார்கள். உண்மையில் பல சமயம் இது சுமைக் கோளாறு. மழை வந்தால் வைப்பர், ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஏசி, புளோயர் எல்லாமே ஒரே நேரத்தில் ஓடும். ஆல்டர்னேட்டர் திராணி இழந்திருந்தால் சிக்னலில் நிற்கும்போது மூச்சு வாங்கும்.

பிரித்தறிவது சுலபம். வெயில் நாளில் இவை அத்தனையையும் போட்டுவிட்டு ஐடிலிங்கில் நிற்கவிடுங்கள். அப்போதும் தடுமாறினால் மழைக்கு அதில் பங்கில்லை. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள்: நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே விழுந்துகொண்டே போனால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பாருங்கள். 'கீச்' என்ற சத்தம் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் மட்டும் என்றால் ஈரத்தில் வழுக்கும் பெல்ட். சத்தத்தை அடக்க அதன்மேல் எண்ணெய் எதையும் விடாதீர்கள், இன்னும் வழுக்கும்.

செல்ஃபே சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் எர்த் பட்டையைப் (பேட்டரியின் மைனஸை இன்ஜின் உலோகத்தோடு இணைக்கும் தடித்த ஒயர்) பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், இன்னொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ களிம்போ உட்கார்ந்திருக்கிறது. கழற்றிச் சுரண்டி இறுக்கினால் போதும், செலவே இல்லாத வேலை.

எரிபொருள் நிரப்பிய பிறகு, அல்லது பெருமழைக்கு மறுநாள்

காய்ந்த ரோட்டிலும் தடுமாறுகிறது, சூடானாலும் சரியாகவில்லை என்றால் ஈரம் டேங்குக்குள் இருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் கதை கொஞ்சம் வேறு: 10 விழுக்காடு எத்தனால் இருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். நேற்றுவரை ஓடிய வண்டி இன்று திடீரென்று ஓடவே மாட்டேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெருப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு பிரிந்து தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதே வழி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் வடிகால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல் வண்டியில் தீப்பொறிப் பிளக், காயில் எதுவும் கிடையாது, ஆகவே மழைக்கு அது அவ்வளவாகப் பயப்படாது. அதன் பலவீனம் எரிபொருளில் கலக்கும் தண்ணீர்தான். ஃபில்டரின் அடியில் தண்ணீரைத் தனியே பிடித்துவைக்கும் பகுதி இருக்கும்; அது நிறைந்தால் விளக்கு எரியும். அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிட வேண்டும். அந்த விளக்கை அலட்சியம் செய்து ஓட்டினால், 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் இன்ஜெக்டர்களுக்குள் தண்ணீர் போகும். அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை.

சம்பந்தமே இல்லாத விளக்குகள் கூட்டமாக எரிகின்றன

ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால் அத்தனையும் ஒன்றாகக் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடம் நனைந்திருக்கிறது: ஃபியூஸ் பெட்டி, எர்த் முனை, அல்லது கம்ப்யூட்டரின் பெரிய கப்ளர். முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்தும் அடியில் ஊறியும் இருப்பது வழக்கம். ஒரு குவளைத் தண்ணீரை முன்கண்ணாடியின் அடியில் மெதுவாக ஊற்றினால், இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். ஒரு பக்கம் வடியவில்லை என்றால் சருகை எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கம்ப்யூட்டரின் கப்ளரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

கோளாறு இல்லாதவை

சைலன்சர் வாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பதறி வருபவர்கள் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். குளிர்ந்த குழாயில் அது சொட்டாகும், ஈரக் காற்றில் வெள்ளைப் புகையாகத் தெரியும். சூடானதும் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அதற்கும் மழைக்கும் தொடர்பில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால், குறுகிய தூரமே ஓட்டுவதால் உள்ளே தங்கும் ஈரம் அது. ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தற்காலிக வைத்தியமும் மெக்கானிக்கும்

நடுவழியில் நின்றுவிட்டால் டபிள்யூடி-40 கைகொடுக்கும். 1953-ல் வந்த அந்தக் கலவையின் பெயரே 'தண்ணீரை விலக்கும் பொருள், 40-வது முயற்சி' என்பதன் சுருக்கம்தான். ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றில் லேசாக அடித்து, துடைத்து, ஆவி போகச் சில நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அது தீப்பற்றும், சூடான இன்ஜின்மேல் அடித்துவிட்டு உடனே சாவியைத் திருப்பக் கூடாது. வெடித்த ஒயரை அது ஒட்டவைக்காது, வீடு வரை கொண்டு சேர்க்கும், அவ்வளவுதான். நிலையான வேலை என்றால் பாகத்தை மாற்றி, காயிலின் ரப்பர் உதட்டில் சிலிக்கான் வகை மின்காப்பு கிரீஸை மெல்லியதாகத் தடவுவது. கப்ளர் என்றால் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, காய்ந்ததும் ரப்பர் வளையத்தில் அதே கிரீஸ். பின்கள்மேல் அப்பி நிரப்ப வேண்டாம்.

மெக்கானிக்கிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முந்தின இரவே கொண்டுபோய், திறந்த வெளியில் விட்டு, காலையில் முதல் செல்ஃபை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். எரர் கோடுகளை அழிக்காமல் கொடுங்கள். கோடு பதிவான நொடியில் இன்ஜின் என்ன சூட்டில், என்ன ஆர்பிஎம்மில் இருந்தது என்பதும் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும், வண்டி உதறும்போது எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். ஒரு ஸ்பிரே பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள், மழை வராவிட்டால் உதவும்.